ஓரங்கட்டிய கார்

அம்மாவின் காரியம் முடிந்து கனடா திரும்பும் மேகலா, திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அப்பாவிடம் கேட்டேவிட்டாள்.

"அம்மாவுக்கு முடியலைன்னு ஏம்ப்பா எங்கிட்ட மறைச்சீங்க? கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாத்திருப்பேன்ல?"

"நானா மறைச்சேன்?" கார் ஓட்டிக்கொண்டிருந்த மாசிலாமணியின் குரல் உயர்ந்தது. "உங்கம்மாதான்..."

ஓட்டுபவரின் மனநிலையைக் கவனிக்கும் அந்தப் புதுக் கார் தானாகவே வேகம் குறைந்து ஓரமாக நின்றது. ஓட்டுபவர் பதற்றமாக இருக்கிறார், அமைதியானதும் கிளம்பலாம் என்று அதன் குரல் பணிவாகச் சொன்னது.

அவர் மூச்சை இழுத்துவிட்டார். கார் புறப்பட்டது. படிப்பு முடியும்வரை மகளிடம் சொல்லக்கூடாது என்று மனைவி சத்தியம் வாங்கியிருந்தாள். அதை மெதுவாகச் சொல்லிவிட நினைத்து வாயைத் திறந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கார் மறுபடியும் நின்றது.

"வேணாம்ப்பா, பேசாதீங்க. ஃப்ளைட் போயிடும்."

அதன்பின் இருவரும் பேசவில்லை. கார் எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தது. மேகலா அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

இப்போது வாராவாரம் பேசுகிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறாள். ஒருநாள் அவரே அந்தப் பேச்சை எடுத்தார்.

"இப்ப எதுக்குப்பா அது? விடுங்க," என்றாள் அமைதியாக.

அவள் கோபப்பட்டிருந்தால் அந்தச் சத்தியத்தைச் சொல்லியிருப்பார்.