பிரேக் தட்டில் துரு இல்லை

பளபளப்பான காரை நான் நம்புவதில்லை. மனிதர் கார் ஓட்டுவது குற்றமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது. அதன்பின் ஒருமுறைகூட நகராத பழைய கார்களுக்குத்தான் விலை. நகரவில்லை என்று சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை.

கோயம்புத்தூரில் நவநீதன் வீட்டு ஷெட்டில் அந்த 1993 மாஸ்டா ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. சிவப்புப் பெயின்ட்டில் என் முகம் தெரிந்தது.

"ஸ்டார்ட் பண்ணியே பன்னெண்டு வருசமாச்சுங்க. தொடைக்கறதோட சரி. அதுவும் இவதான்," என்றார் நவநீதன். ஆறடி ஆள். பக்கத்தில் அவர் மனைவி கௌசல்யா காபித் தட்டோடு நின்றார்.

சக்கரத்துக்குள் டார்ச் அடித்தேன். நின்ற காரில் பிரேக் தட்டு துருவேறிக் கிடக்கும். இதில் வெள்ளிபோல மின்னியது. மனுஷன் கூசாமல் பொய் சொல்கிறார். நான் புகார் அனுப்பினால் ஓட்டியவருக்கு ஆறு மாதம் ஜெயில்.

கதவைத் திறந்து உட்காரப்போனேன். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் முழுக்க முன்னால் தள்ளியிருந்தது. நவநீதனால் இதில் உட்காரவே முடியாது.

நிமிர்ந்தேன். ஐந்தடிகூட இல்லாத கௌசல்யா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எதாச்சும் கோளாறா?" என்றார் நவநீதன்.

சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு இறங்கினேன். "பிரேக்ல துரு பத்தாதுங்க. ரெண்டு வருசம் போகட்டும், அப்புறம் விக்கலாம்."

நவநீதன் மனைவியிடம் திரும்பினார். "பாத்தியா? அளவோட தொடைன்னு எத்தன தடவ சொன்னேன்."

"இனிமே துணியே எடுக்க மாட்டேனுங்க," என்றார் கௌசல்யா, என்னைப் பார்த்து.