கீழ்வரிசை

அந்த ஊரில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பார்கள். மேலே மாலையோடு இறந்தவர், கீழ்வரிசையில் வருந்தும் நண்பர்கள். பூவலிங்கத்தின் குடிக் கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கீழ்வரிசையிலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் மிச்சமிருந்தவர்கள் துக்கம் தாங்காமல் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குடித்தார்கள். இன்று துரைக்கண்ணுவையும் மேலே ஏற்றியாயிற்று. கீழே பூவலிங்கம் மட்டும்தான்.

“இடம் காலியாக் கெடக்குண்ணே. உங்க படத்தப் புதுசா எடுத்து, பெருசாப் போட்டுடறேன்” என்றாள் பேனர் கடை செல்வராணி. செல்போனில் எடுத்த கையோடு கம்ப்யூட்டரிலும் ஏற்றினாள்.

பூவலிங்கம் திரையை உற்றுப் பார்த்தான். “கண்ணு ஏன் தங்கச்சி இப்படி மஞ்சளா இருக்கு? கலர் கூடிப்போச்சா?”

“நான் இன்னும் கலர்ல கையே வைக்கலண்ணே.”

“அப்ப வை.”

அவள் மவுஸை நகர்த்த, இரண்டு கண்களும் வெள்ளைவெளேரென்று ஆயின. பூவலிங்கத்துக்கு உடம்பே தேறிவிட்டதுபோல் இருந்தது. ஒயின்ஷாப் திறக்கும் நேரம், எழுந்துகொண்டான்.

“வேலை முடிஞ்சதும் இந்தப் படத்த அழிச்சிடவாண்ணே?”

“இருக்கட்டும்மா, நல்லா வந்திருக்கு. அடுத்த பேனருக்கு ஆகும்.”