மவுஸும் சுண்டெலியும்

அந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த மத்தியானம், பசியோடிருந்த ஒரு சுண்டெலி மேஜைமேல் ஏறி, அங்கே கிடந்த சாம்பல் நிற வயரில் பல்லை வைத்தது.

"கடிச்சிடாதே, அது என் வால்!" என்று கத்தியது வயரின் நுனியிலிருந்த கையடக்கமான ஒரு பொருள்.

சுண்டெலி பதறி விலகியது. "உனக்கு வாலா? யார் நீ?"

"மவுஸ். அப்படின்னா எலின்னு அர்த்தம். என்னைச் செஞ்சவங்களுக்கு இந்த வாலைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்திருக்கு. உன் பேரையே வெச்சிட்டாங்க."

சுண்டெலியால் நம்ப முடியவில்லை. தன் பெயரை மனிதர்கள் அலறித்தான் அது கேட்டிருக்கிறது. கூடவே துடைப்பமும் வரும்.

காலடிச் சத்தம் கேட்டதும் புத்தகங்களுக்குப் பின்னால் பதுங்கியது. வீட்டுக்காரி பூங்கோதை வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, இந்த மவுஸை எப்படிப் பிடிக்கணும்?"

"கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி, மெதுவா" என்றார் கணவர்.

அவள் உள்ளங்கை அதன் முதுகில் மெல்லப் படிந்தது. திரையில் அம்புக்குறி நகர, அவள் குழந்தைபோலச் சிரித்தாள்.

சுண்டெலி மூச்சுவிடவும் மறந்து பார்த்தது. எலி என்று பெயர் சொல்லி ஒரு மனிதக் கை இத்தனை பிரியமாகத் தொட்டதை அதன் குலத்தில் யாரும் கண்டதில்லை. வெறும் வயிற்றோடு வளைக்கு ஓடியது, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வர.