எழுதியவர்: தெரியவில்லை

"இன்னிக்கு அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சாகணுங்க. அஞ்சு மணிக்கு மேல இது ஊர் சொத்து."

கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள் மனைவி. இசை அரங்கத்தின் ஆவண அறையில் அவளுக்குப் பதிவாளர் வேலை. பக்கத்தில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு கணவர் உட்கார்ந்திருந்தார். அதே அரங்கத்தில் பியானோ வாசிப்பவர்.

இரண்டு வருட உழைப்பு. அரங்கத்தில் நடந்த ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு எண், மேடையேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பத்திரிகை விமர்சனத்துக்கும் புகைப்படத்துக்கும்கூட எண். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். மாலை இணையத்தில் திறந்துவிட்டால், யார் வேண்டுமானாலும் எந்த முடிச்சைப் பிடித்தும் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

ஒரே ஒரு விஷயம்தான் கண்ணை உறுத்தியது. 'கடைசி வரிசை' என்ற புனைபெயரில் வந்த நாற்பத்தாறு விமர்சனங்கள். எழுதியவர்: தெரியவில்லை.

நாற்பத்தாறாவது அவளைப் பற்றியது. அதற்குப் பிறகு அந்த ஆள் எழுதவே இல்லை. பத்தொன்பது வருடமாகியும் அவளுக்கு அது மனப்பாடம்.

"'இரண்டாவது பாட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலால் வலது காலை மிதித்துக்கொண்டு நின்றார் பாடகி. கால் நடுங்கியது, குரல் அதைவிட.' குரலை மட்டும் சொல்லியிருந்தா பொறுத்திருப்பேங்க. கால் விஷயம் நிஜம். நான் அப்படித்தான் நின்னேன். அரங்கமே அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்ததுன்னு நினைச்சப்போ உடம்பே கூசிப்போச்சு."

அத்தோடு பாட்டுக்கு முழுக்குப் போட்டாள். மறுவாரம் கிளம்ப வேண்டிய இரண்டு வருட வெளிநாட்டுக் கச்சேரிப் பயணத்தையும் வேண்டாமென்றாள். அன்று அழுதுகொண்டிருந்தவளுக்குக் கைக்குட்டை நீட்டியவர்தான் இந்தப் பியானோக்காரர். மூன்று மாதத்தில் கல்யாணம்.

"எதுக்கு இப்போ பழசைக் கிளறிக்கிட்டு?" என்றார் கணவர்.

"கிளறத்தானே இவ்வளவும் செஞ்சேன்? ஒத்திகை அறையில நடந்ததையெல்லாம் எழுதியிருக்கான். அப்போ உள் ஆள்தான். மேடையில இருந்தவங்களைக் கழிச்சாச்சு. வருகைப் பதிவேட்டைப் பார்த்து வேலையில இருந்தவங்களையும் கழிச்சாச்சு. நாற்பத்தாறு நாளும் சும்மா இருந்தவன் எவனோ அவன்தான்."

பொத்தானை அழுத்தினாள். பெயர்கள் வந்து விழுந்தன.

"நாற்பத்தஞ்சு நாள் பொருந்தறவங்க மூணு பேர். டிக்கெட் கிழிக்கிறவர், செல்லோ வாசிக்கிறவர்..." என்றவள் சிரித்துவிட்டாள். "மூணாவது நீங்க! என் கச்சேரிக்கு வாசிச்சதால தப்பிச்சீங்க."

"நல்ல வேளை." கணவரும் சிரித்தார். "நாற்பத்தாறும் பொருந்தறது?"

"ஒரே ஆள். நம்ம மேலாளர்."

சொன்னதும் அவளுக்கே பகீரென்றது. இந்த வேலையைக் கூப்பிட்டுக் கொடுத்ததே அவர்தான். வாரத்துக்கு ஒருமுறையாவது, "இப்பல்லாம் பாடறதே இல்லையாம்மா?" என்று கேட்பார். அக்கறை என்று நினைத்திருந்தாள். இப்போது அந்தக் கேள்விக்குப் பின்னால் பல் தெரிந்தது.

"எனக்கு எப்பவுமே அந்த ஆள் மேல ஒரு சந்தேகம்," கணவர் குரலைத் தாழ்த்தினார். "சிரிச்சுச் சிரிச்சுப் பேசறவரை நம்பவே கூடாது. பேசாம அவர் பேரைப் போட்டுடு."

"கேக்காம எப்படிங்க?"

கேட்கும் வாய்ப்பு தானாகவே வந்தது. கதவைத் திறந்துகொண்டு மேலாளர் உள்ளே வந்தார்.

"எல்லாம் தயாராம்மா?"

"சார், 'கடைசி வரிசை' நீங்கதானே?"

மேலாளர் திரையைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்ததில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

"ஏம்மா, பாட்டுக்கும் கதவு கிறீச்சிடறதுக்கும் வித்தியாசம் தெரியாதவன் நான். வருகைப் பதிவேட்டுல மேலாளர் கையெழுத்துப் போடறதில்லைம்மா. அதான் நான் வருஷம் முழுக்கச் சும்மா இருந்ததா உங்க கம்ப்யூட்டர் சொல்லுது. என் வீட்டுக்காரியும் அதைத்தான் சொல்றா."

அவள் முகம் தொங்கிப்போனது. இவ்வளவு உழைத்தும் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிட்டோமே என்றிருந்தது.

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க," என்று கணவர் முணுமுணுத்தார்.

அது மேலாளர் காதில் விழவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையிலிருந்த விமர்சனத்தைப் படித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"செருப்பா? இதை எப்படிம்மா பார்த்தான்? அன்னிக்கு மேடை ஓரம் பூரா பூந்தொட்டி அடுக்கச் சொன்னதே நான்தான். இடுப்பு உயரத்துக்கு இருந்துச்சு. மாடி பால்கனியில வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்தாங்க, பூட்டிட்டோம். கீழே உட்கார்ந்திருந்த ஒருத்தருக்கும் உங்க கால் தெரிஞ்சிருக்காதேம்மா."

"நேரமாச்சு, சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாம்," என்று கணவர் அவசரமாக எழுந்தார். மடியிலிருந்த பை தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

அவள் அந்தக் கச்சேரியின் எண்ணைத் தட்டி, புகைப்படத்தைத் திறந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடும் இளம்பெண். முன்னால் இடுப்புவரை பூந்தொட்டிகள். இரண்டு பக்கமும் இழுத்து மூடிய திரை. பின்னால் ஒரே ஒரு பியானோ. மேடையில் இருந்தவர்களைக் கழித்துவிடு என்று கணினிக்குச் சொன்னது அவளேதான்.

'தெரியவில்லை' என்பதை அழித்துவிட்டு, அந்தப் பியானோவின் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் எண்ணை அடித்தாள்.