ஒரே எபிசோடு

கதவைத் தள்ளியதும், தலைமை அலுவலகத்திலிருந்து வகுப்பைச் சோதிக்க வந்த அதிகாரியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திரைச்சீலை இழுத்துவிட்ட அறை. சுவரில் டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ சிரிப்புத் தொடர். எதிரே இருபத்திரண்டு பெண்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மேஜையில் தலை கவிழ்த்து, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஓரத்தில் நின்ற டீச்சர் உதட்டில் விரலை வைத்தார்.

"என்னையே பேசாதேங்கறீங்களா?"

"வெளியே வந்து சொல்றேன் மேடம்" என்றார் டீச்சர், கிசுகிசுப்பாக.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பும் சலவை ஆலை அது. ஷிப்டு முழுக்க நின்றே செய்கிற வேலை. அங்குள்ள பெண்களுக்காகத் தலைமை அலுவலகம் 'வீடும் வேலையும்' என்று ஒரு வகுப்பு வைத்திருந்தது. புதன்கிழமை மதியம் மூன்றிலிருந்து நாலு வரை. குடும்பச் சிரிப்புத் தொடர் ஒன்றில் வாரம் ஒரு எபிசோடு போட்டுக் காட்ட வேண்டும். பிறகு, வீட்டில் எந்த வேலை யார் தலையில் விழுகிறது, ஏன் விழுகிறது என்று பேச வைக்க வேண்டும்.

மேனேஜருக்கு இந்த வகுப்பென்றாலே வேப்பங்காய். "ஒரு மணி நேரத்துல எழுநூறு விரிப்பு மடிச்சிருவோம் மேடம். உள்ளே பாடம் நடக்கிற மாதிரியே தெரியலை. நீங்களே பாருங்க" என்று வாசலிலேயே ஓதியிருந்தார்.

பார்த்தாயிற்று. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. காலையிலிருந்து அதிகாரியம்மாவுக்கு இது மூன்றாவது இடம். புதுச் செருப்பு கடித்த இடம் விண்விண்ணென்று தெறித்தது. கைப்பையில் மாமியாரின் மருந்துச் சீட்டு. வீட்டில் மகளுக்கு நாளைக்குப் பரீட்சை. நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் தேவலை.

வராந்தாவில் பதிவேட்டைப் புரட்டினார்.

"முதல் எபிசோடு, முதல் எபிசோடு, முதல் எபிசோடு... அஞ்சு வாரமா ஒரே எபிசோடா?"

"ஆமா மேடம்."

"வருகை மட்டும் நூத்துக்கு நூறு! ஏன் வராம இருப்பாங்க?"

டீச்சர் கதவை ஓசையில்லாமல் சாத்தினார். அவர் கண்ணும் குழி விழுந்துதான் கிடந்தது.

"சொல்லுங்கம்மா."

"முதல் வாரம் ஒழுங்காத்தான் நடத்தினேன். கதையில புருஷன் ஒருநாள் லீவு போட்டு வீட்டைப் பார்த்துக்கறான். குழந்தையோட சாக்ஸ் ஒண்ணைக் காணோம்னு வீட்டையே தலைகீழாப் புரட்டறான். அது அவன் தோள்மேலேயே தொங்குது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்போ பொண்டாட்டி வேலை முடிஞ்சு வந்து, அவன்மேல எரிஞ்சு விழறா. அதோட நிறுத்திட்டு, 'இவளுக்கு ஏன் இவ்வளவு கோபம்?'னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'தூக்கம் பத்தலை டீச்சர்'னு ஒரு அக்கா சொன்னாங்க. பட்டுனு சிரிப்பு நின்னுபோச்சு. சரி, நீங்கள்லாம் எத்தனை மணி நேரம் தூங்கறீங்கன்னு கேட்டேன். நாலுன்னாங்க. அஞ்சுன்னாங்க. ஒருத்தங்க, 'குழந்தை விட்டா மூணு'ன்னாங்க. பேசிக்கிட்டே இருக்கும்போது அவங்க தலை அப்படியே மேஜையில சாஞ்சுது. எழுப்பப் போனேன். பக்கத்துல இருந்தவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"அடுத்த வாரம்?"

"மறுபடியும் முதல்லேருந்து போட்டேன். சாக்ஸ் தொலையறதுக்குள்ளேயே பாதிப் பேருக்குக் கண்ணு சொருகிடுச்சு."

"எழுப்பிப் பாடம் நடத்தறதுதானே உங்க வேலை?"

"ஆமா மேடம். மனசு வரலை. என் பேரை எழுதிக்குங்க, பரவாயில்லை. டிவியை மட்டும் நாலு மணி வரைக்கும் ஓட விடுங்க. சத்தம் நின்னா மேனேஜர் வந்துடுவார்."

அதிகாரியம்மா உள்ளே போனார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தார்.

பக்கத்து மேஜைப் பெண் அரைக் கண்ணைத் திறந்தாள். புது முகத்தைப் பார்த்ததும் பதறி நிமிர்ந்தாள். நீராவியில் வெந்து சிவந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மேடம், கடைசியில ரெண்டு பேரும் சமாதானம் ஆயிடுவாங்களா?"

"நீங்க பார்க்கலையா?"

"எங்கே மேடம்! முதல் வாரத்துக்கு அப்புறம் நாங்க அந்தச் சாக்ஸைத் தாண்டவே இல்லை."

அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க படுங்க. நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினார். டிவியில் அந்தப் புருஷன் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தான்.

"மேடம்... மேடம், மணி நாலு."

டீச்சர் தோளைத் தொட்டபோதுதான் விழித்தார். கன்னத்தில் பதிவேட்டின் விளிம்பு கோடாகப் பதிந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு இயந்திரங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவரைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை.

மேனேஜர் வாசலிலேயே காத்திருந்தார்.

"என்ன மேடம், நான் சொன்னது சரியாப் போச்சா? பாடம் நடக்குதா?"

"இல்லை. ரொம்பவே பின்தங்கியிருக்கு. அஞ்சு வாரத்துல ஒரு எபிசோடுகூட முடியலை."

"அப்பவே சொன்னேனே! நிறுத்திடலாம்ல?"

அதிகாரியம்மா அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்.

"இப்படியே போனா பாடம் முடியாது சார். வாரத்துக்கு ரெண்டு வகுப்பா ஆக்கிடுங்க."