இரண்டு ரிவெட் அதிகம்

மாதிரி எஞ்சின் போட்டியின் நடுவருக்கு ‘ரிவெட் துரை’ என்று பட்டப்பெயர். கேலி என்று தெரியாமல் அதற்குப் பெருமைப்படுகிறவர்.

“தண்ணித் தொட்டியில எத்தனை ரிவெட்?” என்று பூதக்கண்ணாடியை இறக்கினார்.

“நூத்திப் பதினாலு சார்,” என்றார் போட்டிக்கு வந்திருந்த தையல்காரர். மூன்று வருட உழைப்பு மேஜைமேல் நின்றது.

“நூத்திப் பன்னெண்டுதான். இந்த பிரிட்டிஷ் நீராவி எஞ்சினுக்கு உலகத்துலயே ஒரே போட்டோதான் இருக்கு. பழைய சாமான் கடையில நான் கண்டுபிடிச்சது. அதைப் பாத்து நான் செஞ்ச எஞ்சின்தான் வாசல்ல கண்ணாடிப் பெட்டியில இருக்கு. போட்டோவுல பக்கத்துல நிக்கிற எண்ணெய்ப் பீப்பாயோட வளையத்தைக்கூட எண்ணித்தான் செஞ்சேன். நீங்க பட்டன் தைக்கிறதோட நிறுத்திக்கலாமே.”

‘தகுதி இல்லை’ என்று எழுதிவிட்டு, சட்டம் போட்ட அந்தப் படத்தை இரக்கத்தோடு நீட்டினார்.

தையல்காரர் படத்தை உற்றுப் பார்த்தார்.

“இது எங்க மச்சான் எடுத்த படமாச்சே. நான் முதன்முதலா செஞ்ச மாதிரி எஞ்சின் சார் இது. ரெண்டு ரிவெட் விட்டுட்டேன். அசல் வரைபடம் கிடைச்சப்புறம் மேஜைமேல இருக்கிறதுல சரி பண்ணிட்டேன்.”

நடுவரின் பேனா மூடி கீழே உருண்டது.

“அப்ப... அந்தப் பீப்பாய்?”

“என் நூல்கண்டு சார்.”