டொஃபி போத்தலின் உயரம்

“நஸார் மாமா, இந்தப் போத்தல் வளருதா?” என்று ஒருநாள் கேட்டாள் நாலு வயது தனுஷிகா.

மஸ்கெலியாவில் நஸாரின் கடையில் டொஃபி போத்தல் வாரத்துக்கு வாரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“நல்லாச் சாப்பிடுது மகள். சோத்துக் கையால எடுங்க, இல்லாட்டி கடிக்கும்.”

“புள்ளைக்கு எட்டாம வைக்கிறீங்களே மொதலாளி, என்னா கஞ்சத்தனம்,” என்றார் சாமான் வாங்க வந்த செல்லசாமி.

தனுஷிகா எக்கி எக்கி வலக்கையால் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். செல்லசாமியும் போனதும், அவளுடைய அம்மா நாகலெட்சுமி மெதுவாகச் சொன்னாள்.

“உங்களுக்குத்தான் கெட்ட பேரு நானா. பொறக்கையில நரம்பு இழுபட்ட கை. வீட்டுல தூக்கச் சொன்னா அழுவுறா, இங்கதான் தூக்குறா. இன்னும் ஒசத்தணும்னு கிளினிக்ல சொல்றாங்க.”

“ஒசத்துறேன் தங்கச்சி. அதுக்கு மேல கூரைதான்.”

அன்று மாலை, தோட்டத்து லயவீட்டு வரிசையில், ஆளில்லாத கோயிலில் நாகலெட்சுமி நஸார் பேருக்குச் சூடம் ஏற்றினாள். அவருடைய நட்சத்திரம் தெரியாததால் முருகனிடம் கடை விலாசத்தைச் சொன்னாள்.